பால்கன் சிறுநீரக நோய்: பழுப்பு நிலக்கரி மீது விழுந்த பழியும் ஆடுதின்னாப்பாளையும்

பால்கன் சிறுநீரக நோய் என்பது தென்கிழக்கு ஐரோப்பாவில் தானூபு ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய சிற்றூர்களில் மட்டும் காணப்பட்ட, மெதுவாக முற்றும் ஒரு சிறுநீரக நோய் ஆகும். செர்பியா, பொசுனியா, குரோவாசியா, பல்கேரியா, ருமேனியா ஆகிய ஐந்து நாடுகளில் இது பதிவாகியுள்ளது. நோயாளிகளின் சிறுநீரகங்கள் ஆண்டுக்கணக்கில் சுருங்கிச் செயலிழந்தன. அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையின் மேற்பகுதியில், வேறெங்கும் அரிதாகவே காணப்படும் ஒருவகைப் புற்றுநோயும் தோன்றியது. இதன் காரணத்தைக் கண்டறிய மருத்துவ உலகுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அந்தத் தேடலில் ஒரு கட்டத்தில் பழுப்பு நிலக்கரி மீதும் சந்தேகம் விழுந்தது. முடிவில் அகப்பட்டதோ வயலில் முளைத்த ஒரு களைச்செடி. அச்செடியின் உறவுச் செடிகள் தமிழ்நாட்டிலும் வளர்கின்றன.

நெய்வேலி, சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் வாழ்பவர்களுக்குப் பழுப்பு நிலக்கரி அன்றாடச் செய்தி. ஆடுதின்னாப்பாளையும் தமிழ்நாட்டு மக்களுக்குப் பழகிய மூலிகையே. அதனால் தொலைதூர நாடுகளின் இந்த வரலாறு நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

சிறுநீரகத்தில் இரண்டு வகைப் புற்றுநோய்

வரலாற்றைப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படைச் செய்தி தேவை. சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுநோய் என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு.

முதல் வகை, சிறுநீரகத்தின் சதைப்பகுதியில், இரத்தத்தை வடிகட்டும் நுண்குழல்களின் செல்களிலிருந்து தோன்றுவது. பெரும்பாலான சிறுநீரகப் புற்றுகள் இவ்வகையே. செருமானிய மருத்துவர் பால் கிராவிட்சு 1883இல் இதை ஆராய்ந்து, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் துணுக்குகளிலிருந்து இது வருகிறது என்று கருதினார். அந்தக் கருத்து தவறென்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் அவர் பெயரால் இதை அழைக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. இவ்வகைப் புற்று பெரும்பாலும் இரத்தக்குழாய் வழியாகவே பரவும். சிறுநீரகச் சிரைக்குள் வளர்ந்து, அங்கிருந்து பெருஞ்சிரைக்கும், பின் நுரையீரல், எலும்பு முதலிய இடங்களுக்கும் செல்லும். சிறுநீர் ஓடும் வழியே இறங்கிச் சிறுநீர்க்குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ அது மீண்டும் முளைப்பது மிக அரிது. அவ்வாறு முளைத்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் தனித்தனியாகக் கட்டுரை எழுதும் அளவுக்கு அரிது.

இரண்டாம் வகை, சிறுநீர்ப் பாதையின் உட்படலத்தில் தோன்றுவது. சிறுநீரகத்தின் உள்ளே சிறுநீர் வந்து சேரும் புனல் போன்ற பை, அதிலிருந்து கீழிறங்கும் சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை ஆகிய மூன்றுக்கும் ஒரே உட்படலமே விரித்த பாய் போல் அமைந்திருக்கிறது. இந்தப் படலத்தில் ஓரிடத்தில் புற்று தோன்றினால் வேறிடத்திலும் தோன்றும் வாய்ப்பு மிகுதி. மேற்பகுதியில் புற்று வந்தவர்களில் 22 முதல் 47 விழுக்காட்டினருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பையிலும் புற்று காணப்படுகிறது. அதனால்தான் அறுவை மருத்துவர்கள் இவ்வகைக்குச் சிறுநீரகத்தை மட்டும் எடுப்பதில்லை. சிறுநீர்க்குழாய் முழுவதையும், அது சிறுநீர்ப்பையில் நுழையும் இடத்தையும் சேர்த்தே அகற்றுகிறார்கள்.

உட்படலப் புற்றுகளில் பெரும்பான்மை சிறுநீர்ப்பையில்தான் வரும். மேற்பகுதியில் வருவது 5 முதல் 10 விழுக்காடுதான். பால்கன் சிற்றூர்களில் இந்த விகிதம் புரண்டு கிடந்தது. அங்கே மேற்பகுதிப் புற்று வியக்கத்தக்க அளவில் மிகுந்திருந்தது. சிறுநீர்ப்பாதை முழுவதும் படும் ஏதோ ஒரு நஞ்சு இதற்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. ஏனெனில் அதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1895இல் செருமனியின் பிராங்க்பர்ட்டு நகரில் லுட்விக் ரென் என்னும் அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வருவதைக் கவனித்து எழுதியிருந்தார். உடலுக்குள் புகுந்த நஞ்சு சிறுநீரில் சேர்ந்து வெளியேறும்போது போகும் வழியையே கெடுக்கும் என்பதற்கு அது முதல் பாடம்.

ஆற்றங்கரைச் சிற்றூர்களின் நோய்

1956இல் பல்கேரியாவின் விராத்சா பகுதியில் தான்செவ் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் இந்நோயைப் பற்றி எழுதினர். அடுத்த ஆண்டு செர்பியாவில் டானிலோவிச் குழுவினர், லாசரேவாத்சு நகரை அடுத்த ஷோபிச் என்னும் சிற்றூரில் குடும்பம் குடும்பமாக வரும் சிறுநீரக நோயைப் பதிவு செய்தனர். குரோவாசியாவிலும் பொசுனியாவிலும் இதே நோய் அடையாளம் காணப்பட்டது. 1967இல் இலண்டனில் சீபா அறக்கட்டளை இதற்கென்றே ஓர் ஆய்வுக் கூட்டம் நடத்தியது.

நோயின் போக்கு புதிராக இருந்தது. ஓர் ஊரில் நோய் இருக்கும், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த ஊரில் இருக்காது. ஒரே ஊரிலும் சில வீடுகளில் மட்டும் தொடரும். குழந்தைகளிடம் காணப்படாது, நடுவயதில் வெளிப்படும். ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்ததால் பரம்பரை நோய் என்று தோன்றியது. ஆனால் வெளியூரிலிருந்து அங்கு வந்து குடியேறியவர்களுக்கும் 15, 20 ஆண்டுகள் கழித்து இதே நோய் வந்தது. மருமகளாக வந்தவருக்கும் வருகிறது என்றால், அது இரத்தத்தில் மட்டும் இல்லை, இடத்திலும் இருக்கிறது என்றுதான் பொருள்.

சந்தேகப் பட்டியல்

ஷோபிச் ஊரில் ஆராய்ந்தவர்கள் முதலில் ஈய நஞ்சைச் சந்தேகித்தனர். அது நிலைக்கவில்லை. நுண்ணுயிரி, வேறு உலோகங்கள், மண்ணில் தாதுக் குறைபாடு என்று பட்டியல் நீண்டது.

1970களில் ஒரு வலுவான கருத்து வந்தது. டென்மார்க்கில் பூஞ்சை பிடித்த வாற்கோதுமையைத் தின்ற பன்றிகளுக்குச் சிறுநீரகம் கெட்டதை ஆராய்ந்த பாலே குரோக் என்பவர், அந்தப் பூஞ்சையின் நஞ்சான ஓக்ராடாக்சினே பால்கன் நோய்க்கும் காரணமாகலாம் என்றார். ஈரம் மிகுந்த ஆற்றங்கரைகளில் தானியம் சேமிக்கும் முறைக்கு இது பொருந்தியது. பல ஆண்டுகள் இக்கருத்தே முன்னணியில் நின்றது.

பழுப்பு நிலக்கரிக் கருதுகோள்

1991இல் பெடர், ரடோவனோவிச், பிங்கெல்மன் ஆகிய மூவர் புதியதொரு கருத்தை முன்வைத்தனர். பிங்கெல்மன் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர். நோயுள்ள ஊர்களின் வரைபடத்தையும் நிலக்கரிப் படிவுகளின் வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பல இடங்கள் ஒத்துப்போயின. அங்குள்ள பழுப்பு நிலக்கரி பிளியோசீன் காலத்தைச் சேர்ந்தது. அதாவது 25 முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. நிலக்கரிகளில் இது இளையது, முழுமையாக இறுகாதது. மழைநீர் இந்தப் படிவுகளின் ஊடே ஊறி இறங்கும்போது, அதிலுள்ள நச்சுக் கரிமப் பொருள்களைக் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது, மக்கள் அந்த நீரைப் பல்லாண்டுகள் குடிப்பதால் நோய் வருகிறது என்பது அவர்கள் வாதம்.

இக்கருத்துக்கு ஒரு கவர்ச்சி இருந்தது. ஷோபிச் ஊர் அமைந்திருப்பதே கொலுபாரா என்னும் பெரிய பழுப்பு நிலக்கரிப் படுகையில்தான். நெய்வேலியைப் போலவே அங்கும் திறந்தவெளிச் சுரங்கங்கள் உள்ளன. ஒரு பக்கம் சுரங்கம், மறுபக்கம் கிணற்றுநீர் குடிக்கும் உழவர் குடும்பங்கள். பார்ப்பவர் எவருக்கும் இரண்டையும் முடிச்சுப்போடத் தோன்றும்.

ஆனால் வரைபடங்கள் ஒத்துப்போவது சான்று ஆகாது. நிலக்கரி இருந்தும் நோய் இல்லாத இடங்கள் உண்டு. ஒரே கிணற்றுநீரைக் குடித்த ஊரில் சில வீடுகளுக்கு மட்டும் நோய் ஏன் வந்தது என்ற கேள்விக்கும் இதில் தெளிவான விடை கிடைக்கவில்லை.

கவனிக்கப்படாத ஒரு விடை

உண்மையில் விடை அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டிருந்தது. 1969இல் செர்பிய ஆய்வாளர் இவிச், நோயுள்ள ஊர்களின் கோதுமை வயல்களில் ஒரு களைச்செடி மிகுந்திருப்பதைக் கவனித்தார். அதன் தாவரப் பெயர் அரிஸ்டோலோகியா கிளமடைடிசு. கோதுமை அறுவடையாகும் காலத்தில்தான் அதன் விதையும் முற்றும். விதை தானியத்தோடு கலந்து, மாவாகி, ரொட்டியாகி மக்கள் வயிற்றுக்குள் போகிறது என்று அவர் எழுதினார். விதை கலந்த மாவை முயல்களுக்குக் கொடுத்து, அவற்றின் சிறுநீரகங்கள் கெடுவதையும் காட்டினார். அதற்கும் முன்பாக 1957இல், இச்செடி கலந்த வைக்கோலைத் தின்ற குதிரைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை மார்டின்சிச் என்பவர் பதிவு செய்திருந்தார்.

ஒரு வீட்டில் நோய் இருந்து பக்கத்து வீட்டில் இல்லாததற்கு இதில் விடை இருந்தது. அந்த ஊர்களில் அவரவர் வயலில் விளைந்த கோதுமையை அவரவரே அரைத்து ரொட்டி சுட்டனர். எவர் வயலில் களை மிகுந்ததோ அவர் ரொட்டியில் நஞ்சு மிகுந்தது. மருமகளாக வந்தவருக்கு நோய் வந்ததற்கும், குழந்தைகளிடம் நோய் தெரியாததற்கும் இதுவே விளக்கம். ஒரே சட்டியில் உண்டவர்கள் ஆண்டுக்கணக்கில் நஞ்சைச் சேர்த்துக்கொண்டார்கள். இருந்தும் இவிச் எழுதியதை உலகம் போதிய அளவு கவனிக்கவில்லை.

பிரசெல்சு நகரத்துப் பெண்கள்

விடை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. 1992இல் பெல்ஜியத் தலைநகர் பிரசெல்சில், ஐம்பது வயதுக்கு உட்பட்ட இரண்டு பெண்களுக்குச் சிறுநீரகங்கள் மிக விரைவாகச் செயலிழந்தன. இருவரும் ஒரே எடைக்குறைப்பு மையத்தில் மருந்து சாப்பிட்டவர்கள். மருத்துவர் வான்கெர்வெகமும் குழுவினரும் தேடிப்பார்த்தபோது மேலும் பலர் அகப்பட்டனர். 1993இல் லான்செட் இதழில் செய்தி வெளிவந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை பின்னர் ஏறத்தாழ நூறானது.

அந்த மையம் 1990 மே மாதம் மருந்தில் இரண்டு சீன மூலிகைகளைச் சேர்த்திருந்தது. அவற்றுள் ஒன்றின் சீனப் பெயர் 'பாங்சி' என முடியும். அதே முடிவைக் கொண்ட வேறொரு மூலிகையும் உண்டு, அது அரிஸ்டோலோகியா இனத்தது. பெயர் ஒற்றுமையால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்துவிட்டது. பால்கன் களைச்செடியில் இருந்த அதே அரிஸ்டோலோகிக் அமிலம் இந்தப் பெண்களின் மருந்துப் பொடியிலும் இருந்தது.

சிறுநீரகம் செயலிழந்ததோடு துயரம் முடியவில்லை. புற்று வரலாம் என்ற அச்சத்தால், செயலற்ற சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் முன்கூட்டியே அகற்றிக்கொள்ள 39 பேர் உடன்பட்டனர். அவ்வாறு ஆராய்ந்ததில் 18 பேருக்கு உட்படலப் புற்று ஏற்கெனவே இருந்தது. மேலும் 19 பேருக்குப் படலத்தில் புற்றுக்கு முந்தைய மாறுதல்கள் இருந்தன. இருவர் மட்டுமே தப்பியிருந்தனர். நார்ட்டியே என்பவர் தலைமையில் 2000இல் வெளியான இந்த அறிக்கை உலகை உலுக்கியது.

சிறுநீரகம் சுருங்கும் விதம், புற்று தோன்றும் இடம் ஆகிய இரண்டிலும் பிரசெல்சு நோயும் பால்கன் நோயும் ஒத்திருந்தன. வேறுபாடு வேகத்தில் மட்டுமே. ரொட்டியில் சிறிது சிறிதாகப் பல்லாண்டு சேர்ந்த நஞ்சு, மருந்துப் பொடியில் ஓரிரு ஆண்டுகளில் சேர்ந்துவிட்டது.

நஞ்சு விட்டுச்சென்ற கைரேகை

இந்த அமிலம் உடலுக்குள் மாற்றமடைந்து டி.என்.ஏ. இழையோடு ஒட்டிக்கொள்கிறது. டி.என்.ஏ.வில் உள்ள நான்கு எழுத்துகளில் அடினின் என்னும் எழுத்தையே இது பெரும்பாலும் பற்றுகிறது. செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது அந்த இடத்தில் தைமின் என்று தவறாக எழுதிவிடுகிறது. இத்தகைய எழுத்துப்பிழை வேறு காரணங்களால் வருவது குறைவு. புற்றைத் தடுக்கும் டிபி53 என்னும் மரபணுவில் இப்பிழை நேர்ந்தால், காவல் இல்லாத வீடு போல் செல் கெடத் தொடங்கும். ஒட்டிக்கொண்ட துணுக்கு பல்லாண்டுகள் கழித்தும் சிறுநீரகத் திசுவில் அப்படியே கிடக்கும். குற்றம் நடந்த இடத்தில் கைரேகை கிடைப்பது போன்றது இது.

2007இல் அமெரிக்காவின் ஆர்தர் குரோல்மனும், குரோவாசியாவின் போயான் யெலகோவிச் உள்ளிட்ட ஆய்வாளர்களும் இந்தக் கைரேகையைப் பால்கன் நோயாளிகளின் சிறுநீரகத் திசுவிலும் புற்றுக்கட்டிகளிலும் காட்டினர். இவிச் எழுதி 38 ஆண்டுகள் கழித்து அவர் சொன்னது மெய்ப்பட்டது. பழுப்பு நிலக்கரியும் பூஞ்சையும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கின.

2012இல் தைவானிலும் இதே கைரேகை கிடைத்தது. மேற்பகுதிச் சிறுநீர்ப் பாதைப் புற்று உலகிலேயே மிகுந்து காணப்படும் இடங்களில் ஒன்று தைவான். அங்கு 151 நோயாளிகளை ஆராய்ந்தபோது பலரிடம் அந்த அடையாளம் இருந்தது. மூலிகை மருந்துச் சீட்டுகள் வழியாக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இதை உட்கொண்டிருந்தனர். 2003இலேயே தைவான் இம்மூலிகைகளைத் தடை செய்துவிட்டது. ஆனால் நஞ்சின் விளைவு தெரியப் பல்லாண்டுகள் ஆகும் என்பதால் நோய் உடனே நிற்கவில்லை.

2014இல் மற்றொரு செய்தி வந்தது. முதலில் சொன்ன, சிறுநீரகச் சதைப்பகுதியில் தோன்றும் புற்றிலும் அதே எழுத்துப்பிழை ருமேனிய நோயாளிகளிடம் காணப்பட்டது. ஆக, சிறுநீரகத்தின் இரண்டு வகைப் புற்றுக்கும் இந்நஞ்சு வழிவகுக்கக்கூடும்.

உலக நல நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அரிஸ்டோலோகியா கலந்த மூலிகை மருந்துகளை 2002இல் மனிதருக்குப் புற்று உண்டாக்குவன என்னும் முதல் பிரிவில் வைத்தது. பின்னர் அந்த அமிலத்தையும் அதே பிரிவில் சேர்த்தது.

தமிழ்நாட்டில் இதன் உறவுச் செடிகள்

அரிஸ்டோலோகியா என்ற கிரேக்கப் பெயருக்குப் பேறுகாலத்துக்குச் சிறந்தது என்பது பொருள். பழங்காலத்தில் ஐரோப்பாவிலும் இது மருந்தாகவே மதிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இந்த இனத்தில் இரண்டு செடிகள் நன்கு அறியப்பட்டவை. ஒன்று, தரையில் படரும் ஆடுதின்னாப்பாளை. மற்றொன்று, வேலியில் ஏறும் ஈசுரமூலி. இதைப் பெருமருந்து, கருடக்கொடி என்றும் அழைப்பர். குடற்புழு, தோல் நோய், பூச்சிக்கடி, பாம்புக்கடி ஆகியவற்றுக்கு இவற்றைப் பயன்படுத்தும் வழக்கம் நாட்டு மருத்துவத்தில் உண்டு. இவ்விரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ளது.

ஆடுதின்னாப்பாளை என்ற பெயரைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். எல்லாத் தழையையும் மேயும் ஆடு இதை மட்டும் தின்னாது என்று கண்டறிந்து பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். இதைத் தின்று வளர்வது ஒரு பட்டாம்பூச்சியின் புழு. கறுப்புச் சிறகும் சிவப்பு உடலும் கொண்ட அந்தப் பட்டாம்பூச்சி, செடியின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அதன் சிவப்பு நிறமே ஓர் எச்சரிக்கைப் பலகை.

இதைச் சொல்வது சித்த மருத்துவத்தைக் குறைசொல்ல அன்று. நஞ்சை அறிந்து, சுத்தி செய்து, அளவறிந்து தருவது அம்மரபின் கொள்கை. ஆனால் நீண்ட காலம் கழித்து வரும் தீங்கை எந்த மரபாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. இன்று சாப்பிட்டதற்கு இருபது ஆண்டுகள் கழித்து நோய் வந்தால், எந்த வைத்தியரும் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க முடியாது. அதற்கு ஆய்வகமும் பதிவேடும் தேவைப்பட்டன. எனவே "பச்சிலைதானே, என்ன செய்துவிடும்" என்று இச்செடிகளை உள்ளுக்குச் சாப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டவர்கள் சிறுநீரக மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நெய்வேலி வட்டாரத்துக்கு இதில் உள்ள பாடம்

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதிலிருந்து நெய்வேலியின் கதை சொல்லப்படுகிறது. 1956இல் நிறுவனம் தொடங்கியது. 1961இல் பழுப்பு நிலக்கரிப் படிவு வெளியே தெரிந்தது. 1962இல் மின்னுற்பத்தி தொடங்கியது. நெய்வேலிப் படிவு பால்கன் படிவுகளைவிட மிகவும் பழமையானது.

பால்கன் நோய்க்குப் பழுப்பு நிலக்கரி காரணம் அன்று என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு. இதனால் சுரங்கப் பகுதிகளில் தூசியையும் சாம்பலையும் நிலத்தடி நீரையும் பற்றிக் கேள்வியே கேட்க வேண்டாம் என்று ஆகிவிடாது. அவை வேறு கேள்விகள். அவற்றைத் தனியே அளந்து விடை காண வேண்டும். இந்த வரலாறு நமக்குக் காட்டுவது அளக்கும் முறையை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதன் மீது பழி போடுவது எளிது. சுரங்கம் பெரிது, களைச்செடி சிறிது. ஆனால் யார் எதை உண்டார், எதைக் குடித்தார், எத்தனை ஆண்டு, எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் இல்லை என்று வீடு வீடாகக் கேட்டவர்களுக்கே விடை கிடைத்தது.

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்தும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், உழவர்களிடையே காரணம் விளங்காத சிறுநீரக நோய் காணப்படுகிறது. வேளாண் நஞ்சுகள், கடின நீர், வெயிலில் நீரின்றி உழைத்தல் என்று அங்கும் ஒரு சந்தேகப் பட்டியல் இருக்கிறது. அவசரப்பட்டு ஒன்றைத் தீர்ப்பாக்காமல் தேடுவதற்குப் பால்கன் வரலாறு ஒரு வழிகாட்டி.

நினைவில் கொள்ள வேண்டியவை

சிறுநீரகப் புற்றின் இரண்டு வகைக்கும் பொதுவான ஓர் அறிகுறி, வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போவது. நம் ஊர்ப்பக்கம் சிறுநீர் சிவந்து போனால் உடல் சூடு என்று சொல்லி இளநீரும் பார்லிக் கஞ்சியும் குடித்துவிட்டு இருந்துவிடுவார்கள். இரத்தம் ஒருமுறை வந்து தானே நின்றுவிடும். நின்றுவிட்டதால் சரியாகிவிட்டது என்று எண்ணுவதுதான் ஆபத்து. ஒரே ஒருமுறை வந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்வது நல்லது. புகைபிடிப்பது இரண்டு வகைப் புற்றுக்குமே வாய்ப்பைக் கூட்டும்.

பால்கன் சிற்றூர்களில் இப்போது நோய் குறைந்து வருகிறது. வயல்களில் களை கட்டுப்பட்டது, வீட்டுக்கு வீடு மாவு அரைத்த காலம் போய்க் கடை ரொட்டி வந்தது. காரணம் தெரிவதற்கு முன்பே பழக்கம் மாறியதால் அங்கே பலர் தப்பினார்கள். நமக்குக் காரணம் தெரிந்த பின்பு மாறும் வாய்ப்பு இருக்கிறது.